பிடோக் கடல், நான் எழுதியபடி

1967இல் சிங்கப்பூரில் எங்கள் கல்லூரித் தமிழ்ப் பேரவை நடத்திய பயணக் கட்டுரைப் போட்டியில் எனக்குக் கோப்பை கிடைத்தது. 'கிழக்குக் கரையில் ஒரு நாள்' என்ற அந்தக் கட்டுரையை சிராங்கூன் சாலைத் தேநீர்க் கடையில் உட்கார்ந்து எழுதினேன். போய்ப் பார்க்கத்தான் இருந்தேன், மழை. ஆறு வருடங்களுக்கு முன் பார்த்த கடல் எங்கே போய்விடப் போகிறது?

பரிசளிப்பு மேடையில் நடுவர் வேலாயுதம் சார், "கட்டுரையைக் கையில் ஏந்திப் பிடோக் கடற்கரை வரை நடந்து பார்த்தேன். ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை" என்றார். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

பேரவைச் செயலாளர் சிவகாமசுந்தரி அதோடு விடவில்லை. கட்டுரையில் உள்ள வழியிலேயே சுற்றுலா ஏற்பாடு செய்துவிட்டாள். இருபத்தெட்டுப் பேர், வாடகை பஸ், வாழையிலையில் மடித்த நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு. நான் வழிகாட்டி, வேலாயுதம் சார் சிறப்பு விருந்தினர். உண்மை தெரிந்தால் கோப்பை போகும். எனக்கென்று பேசி வைத்திருந்த பேரவை இதழாசிரியர் பதவியும் போகும்.

வழியில் காத்தோங்கில் கடல் ஒழுங்காக இருந்தது. எனக்குத் தைரியம் வந்தது.

பிடோக்கில் இறங்கியதும் சிவகாமசுந்தரி என் கட்டுரையை உரக்கப் படித்தாள். "வளைந்த தென்னையில் கட்டிய சம்பான் அலைக்கு அலை தலையாட்டும்."

வளைந்த தென்னை இருந்தது. சம்பான் இருந்தது. கட்டிய கயிறும் இருந்தது. கடல் இல்லை.

படகு செம்மண்ணில் உட்கார்ந்திருந்தது. அதற்கப்பாலும் செம்மண். தூரத்தில் நீலமாக ஒரு கோடு. நான் சிறுவயதில் முங்கி எழுந்த இடத்தில் ஒரு லாரி பின்பக்கமாக வந்து மண்ணைக் கொட்டியது. இருபத்தெட்டுப் பேரும் ஒன்றாக வாய் மூடி நின்றதைப் பேரவை அன்றுதான் கண்டது. குன்றை வெட்டிக் கடலைத் தூர்ப்பது பேப்பரில் மாதக்கணக்காக வந்ததாம். நான் சினிமாப் பக்கம் மட்டும் படிக்கிறவன்.

"கையூம், கடல் எங்க?" என்றாள் சிவகாமசுந்தரி.

"இங்கதான் இருந்துச்சு."

"எப்ப?"

நான் சாரைப் பார்த்தேன். சார் தென்னையைப் பார்த்தார்.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க நடந்து பாத்தீங்களே?"

"தண்ணி வடிஞ்சிருக்கும்மா."

"லாரி ஓடுது சார்."

சம்பானுக்குள்ளிருந்து ஒரு மலாய்க்காரர் எழுந்தார். படகைக் கடலுக்குத் தூக்கிப்போக ஆள் வருமென்று மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறாராம். எங்களைத் தலை தலையாக எண்ணினார்.

சார்தான் முதலில் காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் படகைப் பிடித்தார். அவருக்கு அடுத்து நான் தோள் கொடுத்தேன். பாதி வழியில் என்னால் தாங்க முடியவில்லை, படகையும் பொய்யையும்.

"சார், நான் இங்க வரல. டீக்கடையில எழுதினேன்."

அவர் படகை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். "நானும் வரலப்பா."

"கேட்டுச்சு," என்றாள் பின்னாலிருந்து சிவகாமசுந்தரி. "ரெண்டு பேரும் நல்லா தூக்குங்க லா. படகு சாயுது."

திங்கட்கிழமை கோப்பையைத் திருப்பிக் கொடுத்தேன். இதழாசிரியர் பதவி அவளுக்குப் போயிற்று. முதல் இதழுக்கு என்னிடமே கட்டுரை கேட்டாள், பிடோக் கடலைப் பற்றி. பஸ் டிக்கெட்டை இணைத்து அனுப்ப வேண்டுமாம்.