ஆளுக்கு ஒன்று

விவாகரத்து ஆனபோது மெர்னாவும் ரெய்னோவும் எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டார்கள். வீடு அவளுக்கு, ஏரிக்கரைக் குடிலும் படகும் அவனுக்கு. தட்டுகளைக்கூடச் சமையலறை மேசையில் இரண்டு அடுக்காக வைத்துப் பிரித்தார்கள். ஒரு சண்டை இல்லை, ஒரு கண்ணீர் இல்லை. பிரிக்க முடியாமல் போனது பனியை வாரித் தூர வீசுகிற அந்த ஆரஞ்சு நிற இயந்திரம் ஒன்றுதான். நவம்பர் பிறந்துவிட்டிருந்தது. முதல் பனி எந்த நாளும் கொட்டலாம். "வசந்தம் வரைக்கும் பொதுவுல இருக்கட்டும்" என்றான் ரெய்னோ. சரி என்றாள் மெர்னா. அந்த வசந்தம் வந்துபோய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது.

ரெய்னோ வெகுதூரம் போய்விடவில்லை. சாலைக்கு எதிர்ப்பக்கத்தில் பூட்டிக்கிடந்த அவனுடைய அப்பாவின் வீட்டுக்குத்தான் போனான். ஆகவே இயந்திரம் சாலையின் இரண்டு பக்கமும் வாழ்ந்தது. பனி விழுந்ததும் அது யார் வீட்டில் இருக்கிறதோ அவர் தன் வாசலை வழித்துவிட்டு, பெட்ரோல் நிரப்பி, எதிர்வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். மற்றவர் தன் வேலையை முடித்துவிட்டு, அடுத்த பனி வரை வைத்துக்கொள்ளலாம். கதவைத் தட்டவேண்டியதில்லை. கீழ்த்தள சன்னல்கள் ஜனவரியில் மூடிப்போய் ஏப்ரலில்தான் மறுபடி வெளிச்சம் பார்க்கிற ஊர் அது. இயந்திரம் சாலையைக் கடந்துகொண்டே இருந்தது.

முதல் குளிர்காலத்தில் ரெய்னோ அவள் வாசலையும் சேர்த்தே வழித்துவிட்டான். மெர்னா சன்னலைத் திறந்து, "என் வாசல நான் பாத்துக்கறேன், நீ உன் சோலியப் பாரு!" என்று கத்தினாள். அன்றிலிருந்து அவன் அவள் வாசலை வழித்ததில்லை. ஆனால் சாலைப் பனியை ஒதுக்கிக்கொண்டு போகும் பெரிய வண்டி ஒவ்வொரு வீட்டு முகப்பிலும் இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடு விட்டுப்போகும். உப்பும் கல்லும் கலந்து இறுகிய அந்த மேடுதான் முதுகை ஒடிக்கும். அந்த மேடு மட்டும் மெர்னாவின் முகப்பில் எப்போதும் வழிக்கப்பட்டிருக்கும். யார் என்று அவள் கேட்டதில்லை. பனி வழித்ததற்கு அங்கே யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. சொன்னால் கேட்டவர் முகம் சிவந்து, அடுத்த முறை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போய்விடுவார். நிசு சுடுகிற நாட்களில், ஏலக்காய் மணக்கும் அந்தப் பின்னல் ரொட்டியில் ஒன்றை அவன் வண்டியின் முன்சீட்டில் அவள் வைத்துவிட்டு வருவாள். அவனும் யார் என்று கேட்டதில்லை.

இப்படியே போய்க்கொண்டிருந்தது, இந்த டிசம்பர் வரை.

காப்பிக் கோப்பையோடு அடுப்பருகே நின்றிருந்த மெர்னாவுக்கு இயந்திரத்தின் சத்தம் முகப்பிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. மேட்டைக் கடிக்கும்போது அது உறுமும் விதம் அவளுக்குத் தெரியும். திடீரென்று எலும்பு முறிந்தாற்போல் ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. அவள் வீட்டுச் செருப்போடே வாசலுக்கு ஓடினாள். ரெய்னோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். இயந்திரத்தின் வாயில் ஒரு விறகுக்கட்டை குறுக்காகச் சிக்கியிருந்தது. யாருடைய வண்டியிலிருந்தோ விழுந்து மேட்டுக்குள் புதைந்திருக்க வேண்டும்.

"செத்துருச்சு" என்றான்.

"கட்டைதானே? எடுத்துட்டுப் பாரேன்."

"கியர் பாக்ஸ் போச்சு மெர்னா. எண்ணெய் வழியுது பாரு."

வெள்ளைப் பனியில் கறுப்பாக ஒரு கறை பரவிக்கொண்டிருந்தது.

அவளுக்குக் காரணம் தெரியும். இயந்திரத்தின் வாயில் இடதும் வலதுமாக இரண்டு திருகுக் கத்திகள் சுழலும். ஒவ்வொன்றையும் அச்சோடு பிடித்திருப்பது ஒரு மெல்லிய பின். கல்லோ கட்டையோ சிக்கினால் அந்தப் பின் உடைந்துபோகும். உடைவதுதான் அதற்கு வேலை. தான் உடைந்து, உள்ளே இருக்கும் கியர் பெட்டியைக் காப்பாற்றிவிடும். போன பிப்ரவரியில் பெரும்புயல் அடித்த அன்று அவள் முறை வந்தபோது இடப்பக்கப் பின் உடைந்தது. கடை திறந்திருக்கவில்லை. எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது. ரெய்னோவிடம் பின் இருந்திருக்கும். போய்க் கேட்டிருக்கலாம். தன் வீட்டு வாசல்வரை வந்தவள், கையுறை மாட்டிய கையைக் கதவின் உட்புறம் வைத்தபடி அப்படியே நின்றாள். என்ன சொல்வது? வேண்டியதைக் கேட்கும் பழக்கம் அவர்கள் சேர்ந்திருந்த காலத்திலேயே விட்டுப்போயிருந்தது. ஒரே வீட்டில் இரண்டு பேர் பேசாமலிருப்பது பாரமாக இருந்தது. இரண்டு வீட்டில் பேசாமலிருப்பது கொஞ்சம் லேசாக இருந்தது. பிரிந்ததற்கு அதைவிடப் பெரிய காரணம் எதையும் அவளால் யாருக்கும் சொல்ல முடிந்ததில்லை. அன்று அவள் திரும்பிப்போய், கொட்டகைக் கதவின் கீலிலிருந்து ஒரு எஃகு போல்ட்டைக் கழற்றி அங்கே முடுக்கிவிட்டாள். மறுநாள் மாற்றிவிடலாம் என்று நினைத்தாள். பிறகு பின் வாங்கிவைத்தும் மாட்ட மறந்துபோனாள்.

எஃகு உடையாது. அதற்குப் பதிலாகப் பெட்டி உடைந்துவிட்டது.

அன்று மாலை மில்வாக்கியிலிருந்து மகள் கிரிஸ்டா கூப்பிட்டாள். அப்பாவிடம் ஏற்கெனவே பேசிவிட்டாளாம்.

"அம்மா, அதுக்கு என்னைவிட வயசு ஜாஸ்தி. இன்னுமா அதக் கட்டிட்டு அழறீங்க? ஆளுக்கு ஒண்ணு சின்னதா வாங்கிக்குங்க. பொத்தான அமுக்கினா ஓடும். நீயும் அந்தக் கயித்த இழுத்து இழுத்துத் தோள்பட்டைய ஒடிச்சுக்க வேண்டாம்."

"ம்."

"அப்பாவும் சரின்னுட்டாரு. இனிமே நீ அவர் வீட்டுக்கும் அவர் உன் வீட்டுக்கும் தள்ளிட்டு நடக்கவேண்டியதே இல்ல. நிம்மதி."

"அவரு சரின்னாரா?"

"உடனே சரின்னாரு."

போனை வைத்தபிறகு மெர்னா வெகுநேரம் சன்னலருகே உட்கார்ந்திருந்தாள். பனி மறுபடி விழத் தொடங்கியிருந்தது. எதிர்வீட்டிலிருந்து அவள் வாசல்வரை இரண்டு சக்கரத்தடம் எப்போதும் இருக்கும். புதுப்பனி விழுந்து மூடும், மறுபடி தடம் விழும். இதுவரை அதை அவள் தடம் என்று பார்த்ததே இல்லை. ஆளுக்கு ஒன்று வந்துவிட்டால் அந்த இடத்தில் ஏப்ரல்வரை வெறும் பனிதான் இருக்கும். ஒரு இரும்புச் சாமானுக்காகவா மனசு இப்படிக் கிடந்து அடித்துக்கொள்கிறது என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பதிலைத் தெரிந்துகொள்ளப் பிடிக்காமல் எழுந்து பாத்திரம் கழுவப்போனாள்.

சனிக்கிழமை இருவரும் ரெய்னோவின் வண்டியில் ஆர்லோவின் பட்டறைக்குப் போனார்கள். ஆர்லோ அவர்களோடு பள்ளியில் படித்தவன். பழுது பார்ப்பான், புதிதும் விற்பான், பேச்சை மட்டும் இலவசமாகத் தருவான்.

"அடடே! புருஷன் பொண்டாட்டியா வராங்கன்னு பாத்தேன்" என்றான். "தப்பு, தப்பு. முன்னாள்."

"வாய மூடிட்டு மெஷினப் பாரு" என்றாள் மெர்னா.

"கல்யாணத்துக்கு நான்தான் மாப்பிள்ளைத் தோழன். விவாகரத்துக்கு மட்டும் என்னைக் கூப்பிடல. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கு."

இயந்திரத்தை மேடைமேல் ஏற்றி முன்வாயைத் திறந்து விளக்கடித்தான். தலையை உள்ளே விட்டான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். அவன் முதுகு குலுங்கியது.

"எந்தப் புண்ணியவான் பாத்த வேலைப்பா இது? பின்னுக்குப் பதிலா இடப்பக்கம் ஒரு எஃகு போல்ட்டு. சரி, மனுசன் அவசரத்துல போடறதுதான். வலப்பக்கத்துலயும் ஒண்ணு! அதுவும் இதவிடத் தடியா. ரெண்டு பக்கமும் பூட்டிட்டா அது எங்கதான் போகும் பாவம், வயிறு வெடிச்சுத்தான் சாகும்."

இரண்டையும் கழற்றி மெர்னாவின் உள்ளங்கையில் வைத்தான். ஒன்று பளபளவென்று, தட்டைத் தலையோடு, அவள் கீலிலிருந்து கழற்றியது. மற்றது கறுத்துத் தடித்தது. அதை அவள் பார்த்ததே இல்லை. மெல்ல நிமிர்ந்து ரெய்னோவைப் பார்த்தாள். ரெய்னோ சுவரில் மாட்டியிருந்த மீன் படத்தை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தான். காது மட்டும் சிவந்திருந்தது.

"பின்னாடி ஒரு பழைய மெஷின் உடம்பு கிடக்கு" என்றான் ஆர்லோ. "அதுல கியர் பாக்ஸ் நல்லா இருந்தா மாத்திடலாம். ரெண்டு குளிர்காலம் ஓடும், அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது. இல்ல புதுசுன்னா, இதோ நிக்குது வரிசையா. ஆளுக்கு ஒண்ணுன்னு உங்க பொண்ணு போன்ல சொல்லிச்சு. போய்ப் பாத்துட்டு வரேன், அதுக்குள்ள முடிவு பண்ணுங்க. காப்பி அங்க இருக்கு. நேத்து போட்டது."

அவன் பின்கதவு வழியாகப் பனிக்குள் போனான். பட்டறையில் கணப்பின் இரைச்சல் மட்டும் மிஞ்சியது.

"படகு மோட்டார்லேர்ந்து எடுத்தது" என்றான் ரெய்னோ, இன்னும் மீனைப் பார்த்தபடி.

"எப்போ?"

"போன மார்ச். பின் தீந்துபோச்சு."

"என்கிட்ட ஒரு பாக்கெட் இருந்துச்சே. பிப்ரவரிக்கு அப்பறம் வாங்கி வெச்சேன்."

"இருக்கும்னு தெரியும்." அவன் இருமினான். "உன் வாசல்வரைக்கும் வந்தேன். டிவி சத்தம் கேட்டுச்சு. எதுக்குத் தொந்தரவுன்னு போய்ட்டேன்."

மெர்னாவுக்குச் சிரிப்பு வந்தது. பிப்ரவரியில் தன் கதவுக்கு உள்ளே கைவைத்து நின்றது அவள். மார்ச்சில் அதே கதவுக்கு வெளியே நின்றது அவன். நடுவில் ஒரு பலகைக் கதவு.

பளபளத்த போல்ட்டை அவனிடம் நீட்டினாள். "இது என்னோடது. கொட்டகைக் கதவோடது. அந்தக் கதவு இப்பவும் தொங்கிட்டுதான் கிடக்கு."

ரெய்னோ அதை வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "அப்ப நான் மட்டும் கொல்லல."

"சேந்துதான் கொன்னோம்."

"இத்தன நாளா நான் என்னமோ..." அவன் முடிக்கவில்லை. முடிக்கமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். முப்பது வருட வாழ்க்கையில் அவன் பாதியில் விட்ட வாக்கியங்களை அவள்தான் மனத்துக்குள் முடித்துவைத்தாள். பலவற்றைத் தப்பாகவும் முடித்திருப்பாள் என்று இப்போது தோன்றியது.

"கிரிஸ்டா சொன்னதுக்கு உடனே சரின்னியாமே" என்றாள்.

"நீதான் அலுத்துப்போய்ச் சொல்லச் சொல்லியிருப்பேன்னு நெனச்சேன். முட்டிவலியோட சாலையத் தாண்டித் தள்ளிட்டு வரியே. பாக்கறப்பல்லாம் எனக்கு..."

"உனக்கு?"

"ஒரு மாதிரி இருக்கும்."

பின்புறம் ஆர்லோ தகரத்தை இழுத்துத் தள்ளும் ஓசை கேட்டது. இப்போது வந்துவிடுவான். வந்தால் கேலி பேசுவான், பேச்சு கலைந்துவிடும், இரண்டு சின்ன இயந்திரங்கள் வண்டியில் ஏறிவிடும். இதைச் சொல்லாமல் போனால் இனி ஒருபோதும் சொல்லமுடியாது. மெர்னாவுக்குப் பயமாக இருந்தது. விவாகரத்துத் தாளில் கையெழுத்துப் போட்டபோதுகூட இப்படி இல்லை.

"ரெய்னோ, எனக்குன்னு தனியா ஒண்ணு வேண்டாம்."

அவன் கையிலிருந்த போல்ட்டைத் திருப்பிப் பார்த்தான்.

"சாலையத் தாண்டித் தள்ளிட்டு வரதுல எனக்குக் கஷ்டம் இல்ல" என்றாள். "வராம இருந்தாத்தான் கஷ்டம். நீ வராம இருந்தாலும்தான். மறுபடி ஒரே வீட்ல இருக்கலாம்னு சொல்லல. அது நமக்கு ஒத்துவராது."

"ஒத்துவராது" என்றான் அவனும், அவசரமாக.

"ஆனா இது ஒத்துவருது."

ரெய்னோ தொப்பியைக் கழற்றினான், தலையைத் தடவினான், மறுபடி போட்டுக்கொண்டான். பிறகு, "வருது" என்றான். அவனிடமிருந்து அது பெரிய பேச்சு.

பின்கதவு திறந்து குளிரும் ஆர்லோவும் ஒன்றாக உள்ளே வந்தார்கள். "பெட்டி நல்லா இருக்கு. ஆனா ரெண்டு வருஷந்தான், இப்பவே சொல்லிட்டேன். அப்பறம் என் சட்டையப் புடிக்கக் கூடாது. என்ன, பழசா, புதுசா?"

"பழசு" என்றான் ரெய்னோ.

"ரெண்டு வருஷம் கழிச்சு?"

"மறுபடி வந்து இங்கயே நின்னு சண்டை போட்டுக்கறோம்" என்றாள் மெர்னா. "உனக்கென்ன?"

"எனக்கென்ன, வேடிக்கைதான்." ஆர்லோ விரலை ஆட்டினான். "ஆனா பின்னு பின்னாத்தான் இருக்கணும். படகு, கதவு, கட்டில்காலுன்னு எதையும் கழட்டி மாட்டினா நான் தொடவே மாட்டேன்."

கல்லாவுக்குப் பக்கத்துக் கொக்கியில் பின்கள் பாக்கெட் பாக்கெட்டாகத் தொங்கின. ரெய்னோ இரண்டு எடுத்தான். மெர்னா அவன் கையிலிருந்து ஒன்றைப் பிடுங்கித் திரும்ப மாட்டினாள்.

"ஒண்ணு போதும். என் வீட்ல இருக்கும்."

"எனக்கு உடைஞ்சா?"

"வந்து கதவத் தட்டு."

"டிவி ஓடிட்டிருந்தா?"

"பலமாத் தட்டு."