உறவுமுறை என்ற கட்டம்

இரண்டா மூன்றா என்பதுதான் ஒரு வாரமாக அந்த வீட்டில் பேச்சு. அமெரிக்காவிலிருந்து மூன்று வார லீவில் விழுப்புரம் வந்திருந்த அஸ்வினியும், அங்கேயே இருந்துவிட்ட அவள் புருஷன் கோகுலகிருஷ்ணனும் காலையும் மாலையும் போனில் இதையே பேசினார்கள். இபி டூவா, இபி த்ரீயா? அஞ்சம்மாளுக்குத் தெரிந்த ஈ.பி. கரண்டு பில் கட்டுகிற ஆபீஸ் ஒன்றுதான். அதில் ரெண்டு மூணு என்று இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுவைத்து மகளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

பிறகு அஸ்வினியே மனமிரங்கி விளக்கினாள். கிரீன் கார்டுக்குப் பார்க்கிற வேலையை வைத்து வரிசை. மேல்படிப்பு கேட்கிற வேலை என்றால் இரண்டாவது வரிசை, சாதாரண டிகிரி போதும் என்றால் மூன்றாவது. கோகுல் இரண்டாவதில் பத்து வருடமாக நிற்கிறான். சில மாதம் மூன்றாவது விறுவிறுவென்று நகரும். அதற்கு மாறலாம் என்று கம்பெனியில் கேட்பதற்குள் அது நின்றுபோய் இது நகரும். ரேஷன் கடையில் நாம் போய் நிற்கிற வரிசை மட்டும் நகராதே, அந்தக் கதைதான் என்று அஞ்சம்மாளுக்கு உடனே விளங்கிவிட்டது.

அவளுக்குக் கார்டின் கலர்கூட வேண்டாம். மகள் வர வேண்டும், போக வேண்டும், அவ்வளவுதான். முந்தின வருடம் அவள் புருஷன் கண்ணையன் மாரடைப்பில் போனபோது அஸ்வினியால் வர முடியவில்லை. வந்தால் திரும்பிப் போக விசா முத்திரை குத்த வேண்டும், அதற்கு அப்போது எட்டு மாதத்துக்குத் தேதியே கிடையாது; இந்த வருடம்தான் ஒரு தேதி கிடைத்து வந்திருக்கிறாள். அப்பாவின் முகத்தைக் கடைசியாக அவள் போனில்தான் பார்த்தாள். "அப்பா, அப்பா" என்று அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் அவள் கதறியதைக் கேட்க முடியாமல், போனைப் பிடித்திருந்த பக்கத்து வீட்டுக்காரரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். தன் சாவும் போனில்தானோ என்ற பயம் அன்றிலிருந்து அஞ்சம்மாளைப் பிடித்துக்கொண்டது.

எந்த வரிசையானாலும் பிறப்புச் சான்றிதழ் தேவை. அஸ்வினிக்கு அது கிடையாது. பிரம்மதேசத்தில் வீட்டிலேயே பிறந்தாள், யாரும் பதியவில்லை என்பது வீட்டில் சொல்லிவந்த கதை. அதனால் பிறப்புப் பதிவாகவில்லை என்று திண்டிவனத்தில் ஒரு காகிதம் வாங்கியாகிவிட்டது. இனி பெற்றவள் சத்தியம் செய்து ஒரு கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

திண்டிவனம் போக வேண்டிய அன்று காலை, அஞ்சம்மாள் வேர்க்கடலையை, அவர்கள் ஊர்ச் சொல்லில் மல்லாட்டையை, வறுத்துக்கொண்டிருந்தாள். போன் ஸ்பீக்கரில் கோகுல் புலம்பினான்.

"எல்லாம் பொறந்த நாட்ட வெச்சித்தான் அஸ்வினி. நம்ம இனியவன் இல்ல, எனக்கப்புறம் வந்தவன்? அவன் பொண்டாட்டி மஸ்கட்ல பொறந்தவளாம். அவ லைன்ல இவனையும் சேத்துக்கினாங்க. ரெண்டே வருஷம், கார்டு கைல. நாம ரெண்டு பேரும் இந்தியாவுலயே பொறந்து தொலைச்சோம்."

"வுடு, அதுக்கு இப்ப இன்னா பண்றது" என்று சிரித்தாள் அஸ்வினி.

அஞ்சம்மாளின் கை நின்றுவிட்டது. மல்லாட்டை கருகிய வாசனை வந்த பிறகுதான் அடுப்பை அணைத்தாள்.

பீரோவின் அடித்தட்டில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. அதற்குள் ஒரு குழந்தைச் சட்டை, ஒரு போட்டோ, நாலாய் மடித்த ஒரு காகிதம். அரபியிலும் இங்கிலீஷிலும் அச்சடித்து, குவைத்து அரசாங்கத்து முத்திரை போட்ட பிறப்புச் சான்றிதழ். தாயார் பெயர் தனபாக்கியம். அஞ்சம்மாளின் தங்கை. அவள் புருஷன் டிரைவராகவும் அவள் வீட்டு வேலைக்காரியாகவும் குவைத்தில் ஒரே வீட்டில் வேலை பார்க்கப் போனார்கள். பிரசவமாகி ஒன்பதாம் நாள் தனபாக்கியம் போய்விட்டாள். ஊருக்குத் திரும்பிய பிரான்சிஸ் என்பவரின் குடும்பம் குழந்தையைத் தூக்கிவந்து மெட்ராஸ் ஏர்போர்ட்டில் கொடுத்தது. பெற்றவன் இரண்டு வருடம் கடிதம் போட்டான், பிறகு அதுவும் நின்றது.

பிள்ளையில்லாத கண்ணையனும் அஞ்சம்மாளும் அந்த வாரமே பிரம்மதேசத்து நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு விழுப்புரம் வந்து சேர்ந்தார்கள். தெரிந்த வாய் எதுவும் பிள்ளை காதில் ஓதிவிடக் கூடாதே! கண்ணையன் மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தைத்தார். பள்ளிக்கூடத்தில் தாயார் பெயர் கேட்டபோது அஞ்சம்மாள் தன் பெயரைச் சொன்னாள். சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது. வேளை வரும்போது சொல்லிக்கலாம் என்றார் கண்ணையன். முப்பது வருடத்தில் அந்த வேளை வரவேயில்லை.

கிளம்பும்போது அவள் அந்தக் காகிதத்தை மஞ்சப்பையில் எடுத்து வைத்துக்கொண்டாள். காட்டுவதென்று முடிவு செய்து அல்ல, வீட்டில் விட்டுப் போக மனசு வரவில்லை. பஸ்ஸில் மகள் தன் தோளில் சாய்ந்து தூங்கியபோது, இவளை இழக்க என்னால் முடியாது என்று பையை இறுக்கிக்கொண்டாள். ஆனால் போனுக்குள் கதறிய அந்தக் குரலும் கூடவே வந்துகொண்டிருந்தது.

திண்டிவனத்தில் கோர்ட்டுக்கு எதிர்க்கடையில் விருத்தாசலம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். நோட்டரி வக்கீலுக்குக் காகிதம் அடித்துத் தருபவர். இங்கிலீஷில் அடித்ததை அஞ்சம்மாளுக்காகத் தமிழில் சொன்னார்.

"அஞ்சம்மாளாகிய நான் சத்தியமா சொல்றது இன்னான்னா, அஸ்வினி என் வயித்துல பொறந்த மவ. பிரம்மதேசம் கிராமத்துல, எங்க வூட்டுல பொறந்தா. சரிங்களாம்மா? இங்க கையெழுத்து போடுங்க."

அஞ்சம்மாள் பேனாவைப் பிடித்தபடியே இருந்தாள்.

"இன்னாம்மா, கண்ணாடி எடுத்தாரலியா?" என்றாள் அஸ்வினி.

"இதுல நான் கையெழுத்து போடக் கூடாது."

"ஏன்?"

"பொய்யி."

சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. காகிதத்தை எடுத்து மகள் கையில் வைத்தாள். அஸ்வினி படித்தாள், மறுபடி முதலிலிருந்து படித்தாள். அஞ்சம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். விருத்தாசலம் நாகரிகம் தெரிந்தவர், டீ குடிக்கப் போய்விட்டார்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அவருதான் ஏர்போர்ட்ல உன்ன கைல வாங்குனாரு. முப்பத்தெட்டு நாளு புள்ள நீ."

"அவங்க போட்டோ?"

"வூட்டுல இருக்குது. உன் சட்டையோட."

அஸ்வினி எழுந்து வாசலுக்குப் போய் போன் போட்டாள். கோகுல் போட்ட கூச்சல் பெஞ்சு வரைக்கும் கேட்டது. "அப்ப டூவா த்ரீயான்னு பாக்கவே வேணாம், குவைத்து லைன்ல நம்மள சேத்துக்குவாங்க! பாஸ்போர்ட்டத் திருத்தணும், வக்கீல்கிட்ட உள்ளத சொல்லணும், லேசு இல்ல, ஆனா வழி இருக்குது அஸ்வினி!"

"கொஞ்சம் சும்மா இரு கோகுல். எங்கம்மா செத்துட்டாங்கன்னு இப்பத்தான் தெரிஞ்சிக்கினேன்" என்று அவள் போனை வைத்தாள்.

எங்கம்மா. அந்த வார்த்தை தங்கைக்குப் போய்ச் சேர்ந்ததில் அஞ்சம்மாளுக்கு ஒரு நிம்மதி இருந்தது. யாருமற்ற ஊரில் செத்தவளுக்கு இன்றைக்காவது ஒரு பிள்ளை அழுகிறது. கூடவே நெஞ்சில் எதையோ பிய்த்து எடுத்தது மாதிரி வலித்தது. இரண்டும் உண்மைதான்.

விருத்தாசலம் திரும்பிவந்து, உள்ளதை உள்ளபடி சொல்லி அஞ்சம்மாள் கையெழுத்துப் போடப் புதுக் காகிதம் அடித்தார். பெயர், வயது, முகவரி. அடுத்து, "உறவுமுறை?" என்று நிமிர்ந்தார்.

அஸ்வினி கையிலிருந்த குவைத்துக் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"பெரியம்மான்னு போடுங்க" என்றாள் அஞ்சம்மாள். "அவங்கம்மாவுக்கு அக்கா. பொறந்ததுலேர்ந்து வளத்தவ."

கீபோர்டில் நாலு தட்டு, அவள் பெரியம்மா ஆகிவிட்டாள். நாலாவது வரை படித்த கையெழுத்தை மெதுவாக, கோணாமல் போட்டாள்.

அதன் பிறகு அஸ்வினி அதிகம் பேசவில்லை. பேசிய நாலைந்து வார்த்தையிலும் கூப்பிடும் சொல் எதுவும் இல்லை. "தண்ணி வேணுமா?" என்றாள். "வெயில்ல நிக்காத" என்றாள். அஞ்சம்மாள் ஒவ்வொன்றையும் கவனித்தாள். பெரியம்மா என்று சொல்லிவிட்டால்கூடப் பரவாயில்லை, பழகிக்கொள்ளலாம். ஒன்றுமே சொல்லாமல் இருப்பதுதான் தாங்கவில்லை. கேட்டுவிடலாமா என்றால், கேட்டு வாங்குகிற பொருளா அது?

பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் பஸ் திரும்பும்போதே கூட்டம் முண்டியடித்தது. அஞ்சம்மாள் முழங்கால் வலியோடு நிழலில் ஒதுங்கி நின்றாள். அஸ்வினி கூட்டத்துக்குள் புகுந்து மறைந்தாள். இவ்வளவு தெரிந்த பிறகு பக்கத்தில் உட்கார அவளுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருக்கும், நின்றுகொண்டே போகலாம் என்று அஞ்சம்மாள் தனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அப்போது ஜன்னலிலிருந்து ஒரு தலை வெளியே வந்தது. சின்ன வயதிலிருந்து மாறாத அதே எரிச்சல், அதே கத்தல்.

"யம்மா! அங்க இன்னா வேடிக்க பாத்துக்கினு நிக்கிற? துப்பட்டாவப் போட்டு உனக்கு சீட்டு புடிச்சி வெச்சிருக்கேன், ஒரு ஆளு சண்டைக்கு வர்றான். ஜல்தி வாம்மா, உன்னோட ஒரே பேஜாரு!"

பஸ் ஸ்டாண்டில் நாலைந்து பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள், அவர்களும் அம்மாக்கள்தானே. அஞ்சம்மாள் மஞ்சப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முழங்காலை மறந்து, பஸ்ஸைப் பார்த்து ஓடினாள்.