பெரியவாய்க்காலில் ஒரு படப்பிடிப்பு

சிங்கப்பூர் சுற்றில் தமிழ்நிலா நான்காவதாக வந்தாள். தொடர் நீச்சல் அணியில் அவளுக்கிருந்த இடம் அத்தோடு ஜூலியட்டுக்குப் போயிற்று.

இருவரும் கோரமண்டல் மார்லின்ஸ் என்ற தொழில்முறை நீச்சல் அணிக்காகச் சர்வதேச லீக்கில் நீந்துகிறவர்கள். ஜூலியட் நாகப்பட்டினத்துக்காரி. நிலா, ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே வயல்களுக்கு நடுவில் இருக்கும் ஊரைச் சேர்ந்த முருகையனின் மகள். எந்த நாட்டுக்குப் போனாலும் இருவரும் ஒரே அறையில்தான் தங்குவார்கள். சிங்கப்பூருக்குப் பிறகும் அப்படித்தான் தங்கினார்கள். ஆனால் நிலா அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

அடுத்தது தோகா சுற்று. நடுவில் கிடைத்த விடுமுறையில், அணியின் விளம்பர வேலைகளைப் பார்க்கும் பரிதி ஒரு யோசனையோடு வந்தான்.

"நீங்க நீச்சல் கத்துக்கிட்ட வாய்க்கால்லயே ஒரு வீடியோ எடுப்போம் மேடம். நீங்களும் ஜூலியட் மேடமும் சேர்ந்து நீந்தறீங்க. மேல ட்ரோன், ரெண்டு பக்கமும் பச்சை வயல். பாக்கறவன் அசந்துடுவான்."

நிலா அன்றே அப்பாவிடம் போனில் சொன்னாள். முருகையனுக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை.

"கல்லணை தொறந்து தண்ணி வந்துடுச்சும்மா. ஆனா நீ பாத்த வாய்க்கால் இல்ல இது. ரெண்டு பக்கமும் கான்கிரீட் போட்டுட்டாங்க. தண்ணி போறதே தெரியல, சத்தமே இல்ல. போன வாரம் மேலத்தெரு எருமை ஒண்ணு எறங்குச்சு. ஏற முடியல. ஷட்டர்லதான் போயி கெடந்துச்சு."

"நாங்க நீந்தறவங்கப்பா."

"எருமைக்கு நீந்தத் தெரியாதா?"

படப்பிடிப்பு அன்று காலையில் வானம் மூடிக்கிடந்தது. காற்று இல்லை. நாற்றங்காலில் வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து இவர்களைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்கள். நிலா பாலத்தின் மேல் நின்று வாய்க்காலைப் பார்த்தாள். அவள் சிறுமியாக இருந்தபோது இரு கரையிலும் நாணல் இருந்தது, பிடித்து ஏற மரவேர்கள் இருந்தன. இப்போது இரு பக்கமும் வழவழவென்று சரிந்த சிமெண்டுச் சுவர். தண்ணீர் தொடும் இடத்தில் கரும்பச்சையாகப் பாசி. தூரத்தில், வாய்க்காலை வெட்டி நிற்கும் சுவர்போல, தண்ணீரை அடைத்துத் திறக்கும் ஷட்டர் தெரிந்தது.

ஒரு தேங்காய்மட்டையை எடுத்துத் தண்ணீரில் போட்டாள். கரையோடு அதன்கூடவே நடந்தாள். நடந்து பிடிக்க முடியவில்லை. ஓடினாள். அப்போதுதான் மட்டைக்கு ஈடுகொடுக்க முடிந்தது.

"என்ன மேடம், டெஸ்ட் பண்றீங்களா?" என்று சிரித்தான் பரிதி. "பாலத்துலேர்ந்து குதிக்கிறீங்க. அதோ, அந்தப் படித்துறையில ஏறிடறீங்க. அவ்வளவுதான். ஒலக லெவல்ல நீந்தறீங்க, இது என்ன?"

இடுப்பில் கயிறு கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டுப்பார்த்தாள். படத்தில் தெரியும் என்றான்.

வேண்டாம் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அப்போது ஜூலியட் தொப்பியைச் சரிசெய்தபடி பாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்றாள். ஏறியவள் திரும்பி நிலாவைத்தான் பார்த்தாள். சிங்கப்பூரில் தன் இடத்தை வாங்கிக்கொண்டவள் முன்னால், தன் சொந்த ஊரில், பயமாக இருக்கிறது என்று சொல்ல நிலாவுக்கு நா எழவில்லை. அவளும் ஏறினாள்.

ட்ரோன் எழும்பியது. இருவரும் குதித்தார்கள்.

முதலில் சுகமாகத்தான் இருந்தது. ஒரு கை போட்டால் மூன்று கை போட்ட தூரம் போயிற்று. ஜூலியட் சத்தமாகச் சிரித்தாள். நிலாவுக்கும் சிரிப்பு வந்தது. பக்கத்தில் வயல்கள் பஸ்ஸிலிருந்து பார்ப்பதுபோல ஓடின. படித்துறை வந்தது. நிலா கையை நீட்டினாள். விரல் நுனியில் கல் உரசியது. அவ்வளவுதான், படித்துறை பின்னால் போய்விட்டது.

"ஓரம் வா! ஓரம் வாடி!" என்று கத்தினாள்.

இருவரும் ஓரத்துக்கு வந்தார்கள். சிமெண்டில் கை வைத்தார்கள். பாசி வழுக்கி விட்டது. கால் ஊன்றினால் கால் வழுக்கியது. நிலா நகத்தால் பிறாண்டினாள், நகம் பிய்ந்தது. கரையில் பரிதி ஓடிவந்துகொண்டிருந்தான். அவன் வாய் அசைந்தது, என்ன சொல்கிறான் என்று கேட்கவில்லை. இப்போது ஒரு சத்தம் மட்டும் கேட்டது. ஷட்டருக்கு அடியில் தண்ணீர் நுழையும் சத்தம்.

ஜூலியட் திரும்பி, நீரோட்டத்தை எதிர்த்து நீந்தத் தொடங்கினாள். அணியிலேயே வேகமானவள். முழு பலத்தையும் போட்டு அடித்தாள். ஆனால் இருந்த இடத்திலேயே இருந்தாள். பிறகு அங்கேயும் இருக்க முடியாமல் மெதுவாகப் பின்னால் வந்தாள்.

எதிர்த்துப் பயனில்லை என்று நிலாவுக்குத் தெரிந்துவிட்டது. அக்கரையில் ஓர் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ வயலுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். அதன் தடித்த கறுப்புக் குழாய் சரிவில் இறங்கி நீருக்குள் கிடந்தது. குறுக்கே நீந்தி இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டாள். தோள் மூட்டு கழன்றுவிடும்போல இழுத்தது. காலை நீட்டினாள்.

"என் காலப் புடி ஜூலி!"

ஜூலியட்டின் கை அவள் கணுக்காலைப் பற்றியது. ஒரு கணம் அந்தக் கையின் கனம் முழுவதையும் நிலா உணர்ந்தாள். பிறகு கனம் இல்லை.

எஞ்சின் ஓட்டியவர் ஓடிவந்து நிலாவைக் கரைக்கு இழுத்துப்போட்டார். அலறல் கேட்டு வயலிலிருந்து வந்த முருகையனும் ஆட்களும் ஷட்டருக்கு ஓடினார்கள். ஜூலியட் இரும்புப் பலகையோடு ஒட்டிக்கொண்டு, தலையை மட்டும் வெளியே வைத்திருந்தாள். தண்ணீர் அவளைக் கீழே இழுத்தது. ஷட்டரை ஏற்றி இறக்கும் லஸ்கர் காதர் மைதீன் விஷயம் கேட்டு மொபெட்டில் பறந்து வந்தார்.

"மூடுங்க பாய்! தண்ணிய நிறுத்துங்க!" என்று பரிதி அலறினான்.

"மூடினா புள்ள அடியில நசுங்கிடும்," என்றார் முருகையன். "ஏத்துங்க பாய், முழுசா ஏத்துங்க!"

பூட்டைத் திறந்து நாலு பேர் சக்கரத்தைச் சுற்றினார்கள். பலகை அங்குலம் அங்குலமாகத்தான் எழுந்தது. ஜூலியட்டின் சிவப்புத் தொப்பி தெரிந்துகொண்டிருந்தது. பிறகு தெரியவில்லை.

ஷட்டருக்கு அப்பால், கான்கிரீட் முடியும் இடத்தில், நீருக்குள் சாய்ந்திருந்த ஒரு கருவேல மரத்தில் அவள் சிக்கிக்கிடந்தாள். மூச்சு இருந்தது. வலது தோள் எலும்பு சதையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அவள் பேச ஆரம்பித்ததும், நிலாதான் பக்கத்தில் இருந்தாள். இனி போட்டியில் நீந்த முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஜூலியட் நிலாவின் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"நீ ஏதோ சொல்ல வாயத் தொறந்த. நான் பாத்தேன். ஏன் சொல்லல?"

நிலா மறைக்கவில்லை. "ஒன் முன்னாடி பயந்தவளா நிக்க முடியலடி."

ஜூலியட் கண்ணை மூடிக்கொண்டாள். "எனக்குப் பாலத்து மேல நிக்கும்போதே பயமாத்தான் இருந்துச்சு. இது ஒன் ஊரு. நீ சொல்லுவன்னு திரும்பிப் பாத்தேன். நீயும் ஏறின. சரி, ஒண்ணுமிருக்காதுன்னு குதிச்சேன்."

நிலா அவளது கட்டுப்போடாத இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜூலியட் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அழுத்திப் பிடிக்கவும் இல்லை.

மறுநாள் பரிதி வீடியோவை வெளியிட்டுவிட்டான். குதிப்பது, சிரிப்பது, பச்சை வயல்கள். படித்துறைக்கு முன்னாலேயே படம் முடிந்துவிட்டது. நிலா போனில் கத்தினாள்.

"அதை எடுத்துடுங்க பரிதி. இன்னிக்கே எடுத்துடுங்க."

"கம்பெனி முடிவு மேடம். ஜூலியட் மேடம் ட்ரெயினிங்ல அடிபட்டுட்டாங்கன்னு சொல்லியாச்சு. ரிலேல ஒங்க எடம் ஒங்களுக்கே வந்துடுச்சு. நாளைக்கு ஃப்ளைட், மறந்துடாதீங்க."

விமானத்துக்குக் கிளம்ப வேண்டிய நாளில் அவள் பெட்டியோடு காரில் ஏறினாள். கார் வாய்க்கால் பாலத்தை நெருங்கியபோது வண்டிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தாள். மன்னார்குடி, திருவாரூர் என்று எங்கெங்கிருந்தோ வந்த இளைஞர்கள். கையில் போன்கள். மழை பெய்திருந்ததால் தண்ணீர் இன்னும் ஒரு முழம் ஏறியிருந்தது. அப்போதும் அது சத்தமில்லாமல்தான் போனது.

காரை நிறுத்தச் சொல்லி இறங்கினாள்.

"அக்கா! நீங்கதானே அது? எந்த எடத்துலேர்ந்து குதிச்சீங்க?"

"குதிக்காதீங்க தம்பி. வீட்டுக்குப் போங்க. இதுல எறங்கினா ஏற முடியாது. என்கூட வந்தவ ஆஸ்பத்திரியில கெடக்கறா."

"நீங்களே வீடியோல சிரிச்சுக்கிட்டு நீந்தினீங்களேக்கா," என்றான் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் சட்டையைக் கழற்றிக் கைப்பிடிச் சுவரில் ஏறினான்.

நிலா அவன் கையை எட்டிப் பிடித்தாள். அவன் உதறினான். அவள் மேலும் இறுக்கினாள். காரோட்டி பின்னாலிருந்து ஹாரன் அடித்தார். மறுபடி அடித்தார். பாலத்தின் மறுமுனையில் இன்னும் இரண்டு வண்டிகள் வந்து நின்றன.

"எனக்குப் பயமா இருக்கு," என்று எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள் நிலா. "எறங்கு."