சேரப்பணஞ்சேரிக் குழியில் விழுந்தவர்கள்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள் தங்கங்களே, ஃபேன் சத்தத்தில் பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காது. உங்கள் ஷிஃப்டுக்கு முன்னால் ஒரு கதை சொல்லப் போகிறேன். நடுவில் எனக்குக் கோபம் வரும். அது உங்கள் மேல் இல்லை, பயப்படாதீர்கள். போன வருஷம் ஆடி மாதத்திலிருந்து ஐப்பசி வரைக்கும், சக்கரப் பலகை ஓட்டுகிற சேரப்பணஞ்சேரி ஸ்கேட் பார்க்கில் யார் விழுந்தாலும் அவர்களுக்கு அடிபடவில்லை. சிராய்த்த முட்டி, கிழிந்த தாடை, கன்றிப்போன இடுப்பு எல்லாம் பல கிலோமீட்டர் தள்ளி இருங்காட்டுக்கோட்டையில் குடியிருந்த ஸ்ரீதர் என்கிற பிளான்ட் மேனேஜருக்குப் போய்ச் சேர்ந்தன. அந்தச் சமயம் தக்காளி கிலோ அறுபது ரூபாய்.

பார்க் என்றால் அரசாங்கம் கட்டியது என்று நினைத்துவிடாதீர்கள். ரோடு போட மண் எடுத்துவிட்டு அப்படியே விட்டுப்போன குழி அது. உள்ளூர்க்காரர் வெங்கடேசன் கான்கிரீட் லாரி ஓட்டுகிறார். கட்டடத்தில் கொட்டியது போக டிரம்மில் கொஞ்சம் மிச்சம் நிற்கும். அது இறுகுவதற்குள் எங்கேயாவது கொட்டியாக வேண்டும், இல்லையென்றால் டிரம்மே பாழ். ரோட்டோரம் கொட்டித் திட்டு வாங்குவதற்குப் பதில் அவர் குழியில் கொட்டினார். வாடகை அறைகளில் தங்கியிருந்த தெற்கத்திப் பிள்ளைகள் ஷிஃப்ட் முடிந்து வந்து அதைக் கொத்தனார் கரண்டியால் இழைத்தார்கள். மூன்று வருஷத்தில் குழி ஒரு பெரிய சட்டியின் உட்புறம் போல வழுவழுப்பானது. எந்தக் கம்பெனிக் கட்டடத்தின் மிச்சம் எது என்று சாம்பல் நிறத்தின் வித்தியாசத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். மெஷின் வந்திறங்கிய பெட்டியின் பிளைவுட்தான் போர்டு. தள்ளுவண்டியிலிருந்து கழற்றிப் போட்டவைதான் சக்கரம். ஒருவர் குழிக்குள் ஓட்டும்போது இன்னொருவர் இறங்கக் கூடாது. கஷ்டமான ஒன்றைச் செய்து ஒருவர் விழாமல் நின்றுவிட்டால் சுற்றி நிற்கிற எல்லோரும் போர்டைத் தரையில் தட்டுவார்கள், கைதட்டல் கிடையாது. குழியில் தன் முதல் ரத்தத்தைச் சிந்துகிற ஒவ்வொருவரும் அதன் விளிம்பில் பெயின்ட்டால் தன் பெயரை எழுதிக்கொள்ளலாம். விளிம்பில் பெயர் இருந்தால்தான் அங்கே ஆள்.

பதினோராவது பெயர் இசக்கிசெல்வி. வள்ளியூர்ப் பக்கத்துப் பெண், இருபத்திரண்டு வயது, ஒரகடத்தில் கார் கதவுக்குக் கீல் செய்கிற கம்பெனியில் பிரஸ் ஓட்டினாள். அவளோடு அதே லைனில் வேலை பார்த்த பெருமாள்சாமிதான் அவளை முதலில் குழிக்குக் கூட்டிவந்தவன். “ஏட்டி, பனங்காட்டுல நடக்க மாரி நடக்கியே, முன்னங்கால அமுக்குட்டி” என்று கேலி செய்தவன், மூன்றே மாதத்தில் அவள் ஓட்டும்போது வாயை மூடிக்கொண்டான். அவள் விளிம்பில் போர்டின் வாலை ஊன்றி நின்று, முன்காலை அழுத்தி இறங்கினால், எதிர்ப்பக்கச் சுவரேறி வானத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புவாள். எட்டு மணி நேரம் நின்ற கால் அது என்று யாரும் நம்பமாட்டார்கள்.

இப்போது கோபம் வருகிற இடம். பிரஸ் என்பது இரும்புத் தகட்டை ஒரே அமுக்கில் வளைக்கிற மெஷின். இரண்டு கையாலும் இரண்டு பொத்தான்களை ஒருசேர அமுக்கினால்தான் அது இறங்கும். கை உள்ளே இருக்கக் கூடாது என்பதற்காக எவனோ புண்ணியவான் அப்படிச் செய்து வைத்தான். அந்தக் கம்பெனிக்கு மேனேஜர்தான் ஸ்ரீதர்; அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். இடது பொத்தானை, டை என்கிற பிளாஸ்டிக் பட்டை போட்டு எப்போதும் அமுங்கியே இருக்கும்படி கட்டிவிட்டால் இடது கை தகடு வைக்கும், வலது கை அமுக்கும், மணிக்கு நூறு கீல் கூடுதலாக வரும். இருபத்திரண்டு பிரஸ்ஸிலும் கட்டச் சொன்னார். ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றே முக்காலுக்கு நான்காம் நம்பர் பிரஸ் இசக்கிசெல்வியின் இடது கையில் சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் எடுத்துக்கொண்டது. பெருமாள்சாமி தன் சட்டையைக் கழற்றிக் கையைச் சுற்றினான். லைன் பன்னிரண்டு நிமிஷம் நின்றது. பிறகு ஓடியது.

விபத்துப் பதிவேட்டில் எழுதுவதற்கு நிறையக் கட்டங்கள் உண்டு; நமக்கு வேண்டியது இரண்டு. நடந்த இடம் என்று ஒரு கட்டம், பொறுப்பாளர் என்று ஒரு கட்டம். செல்வியின் போனில் அவள் போர்டு மேல் நிற்கிற படம் இருந்தது எல்லோருக்கும் தெரியும். ஸ்ரீதர் யோசித்து, இடம் என்ற கட்டத்தில் ‘சேரப்பணஞ்சேரி ஸ்கேட் பார்க்’ என்று எழுதினார். பொறுப்பாளர் என்ற கட்டத்தில், எப்போதும் போடுகிற பழக்கத்தில், தன் கையெழுத்தைப் போட்டார். வேலை நேரத்தில் வேலையிடத்தில் நடந்த காயம் இல்லை என்றால் உதவியும் இல்லை, வேலையும் இல்லை. ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்து எழுந்த பெண்ணிடம், விளையாட்டில் விரலை இழந்துவிட்டாய் என்று ஒரு தாளை நீட்டினார்கள். அவள் சுண்டுவிரலுக்குப் போட்ட மருதாணி அந்த பிரஸ்ஸில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது, பாவிகளா.

எழுதிவிட்டார்கள் அல்லவா? குழி அதை அப்படியே எடுத்துக்கொண்டது: இடம் நான், பொறுப்பு ஸ்ரீதர் என்று.

கட்டுப் போட்ட கையோடு செல்வி ஒரு ஞாயிற்றுக்கிழமை குழிக்கு வந்தாள். ஒரு கை தூக்கிக் கட்டியிருந்ததால் சமன் தவறி, மேலிருந்து விழுந்து தாடை கான்கிரீட்டில் மோதியது. எழுந்தாள், தொட்டுப் பார்த்தாள், ஒன்றுமில்லை. அதே நிமிஷம் இருங்காட்டுக்கோட்டையில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்த ஸ்ரீதரின் தாடை பிளந்து தட்டில் ரத்தம் சொட்டியது. மூன்று தையல். புதன்கிழமை ஒருவன் முட்டி தேய விழுந்தான். மீட்டிங்கில் மேனேஜரின் பேன்ட் முட்டியில் ரத்தத்தால் நனைந்தது. பிள்ளைகள் விழுவதையெல்லாம் போனில் படம் எடுத்து வைக்கிறவர்கள். படத்தில் இருந்த மணியையும் மேனேஜர் ஆஸ்பத்திரிக்கு ஓடிய மணியையும் பெருமாள்சாமி ஒத்துப் பார்த்துச் சொன்ன அன்று, மத்தியான பி ஷிஃப்டுக்குப் போக வேண்டியவர்கள்கூட வந்து வரிசையில் நின்றார்கள். நாற்பத்திரண்டு பேர், ஒவ்வொருவராக, மனதார விழுந்தார்கள்.

“அண்ணே, நீ ரெண்டு தடவ விழுந்துட்ட, வரிசைக்குப் போ.”

“மூதி, மொதத் தடவ சரியா விழலல!”

அடுத்த வாரம், ஆபத்தான இடம் என்று மனு எழுதிக் கம்பெனி ஒரு ஜேசிபியை அனுப்பியது. அதன் இரும்புப் பல் குழியின் விளிம்பில் முதல் கடி கடித்தபோது கேன்டீனில் மேனேஜரின் விலா எலும்பு ஒன்று முறிந்தது. ஜேசிபியை நிறுத்தச் சொல்லி அலறிப் போன் செய்ததும் அவரேதான்.

ஆனால் சந்தோஷம் நீடிக்கவில்லை. புதிதாக வந்த பிள்ளைகளுக்கு ரத்தமே வரவில்லை. விளிம்பில் பெயர் எழுத முடியவில்லை. விழுந்தால் வலிக்காத இடத்தில் விழாமல் நின்று காட்டுவதில் என்ன இருக்கிறது? போர்டு தட்டும் சத்தம் குறைந்தது. விரலும் போய், விழுகிற வலியும் போய், எல்லாவற்றையும் இவர்களே எடுத்துக்கொண்டால் எங்களுக்கு என்னதான் மிச்சம் என்று கேட்டுக்கொண்டு செல்வி ஒருநாள் கம்பெனிக்குப் போனாள். ஸ்ரீதர் தலையில் ஹெல்மெட், முட்டியிலும் முழங்கையிலும் காப்பு, இடுப்பில் பெல்ட் சகிதம் ஏசி அறையில் உட்கார்ந்திருந்தார்.

“சார், அந்த ஒத்த வரிய மாத்திருங்க. எங்க வலிய நாங்களே வச்சுக்கிடுதோம்.”

“பதிவேட்டுல ஒரு தடவ ஏறுனா ஏறுனதும்மா. மாத்துனா ஆடிட்ல கேப்பாங்க.”

“விலா எலும்பு ஒடஞ்சிருக்கே சார்.”

“அது ஆடிட்ல வராது” என்றார் ஸ்ரீதர்.

கேட்டீர்களா? உடம்பெல்லாம் உடைந்தாலும் உடையட்டும், ஒரு வரி உண்மையை மட்டும் எழுத மாட்டேன் என்கிற மனிதர்களை வைத்துத்தான் ஊரில் ஓடுகிற கார் கதவெல்லாம் திறந்து மூடுகிறது.

கடைசியில் அவருக்கு ஒரு யோசனை வந்தது: நடந்ததை மாற்றினால்தானே ஆடிட்டில் கேட்பார்கள், பொறுப்பாளரை மாற்றினால்? ஆபீசில் சசிகலா என்று படப்பைப் பெண் ஒருத்தி டைப் அடித்துக்கொண்டிருந்தாள், கான்ட்ராக்டில். அவளைக் கூப்பிட்டு, இன்றிலிருந்து நீதான் பாதுகாப்பு அதிகாரி என்றார்கள். விபத்துப் பதிவேடு இனி அவள் பொறுப்பு, அவளைத் தவிர வேறு யார் கையெழுத்தும் அதில் செல்லாது என்று லெட்டர்பேடில் உத்தரவு போட்டு, அதையும் அவளையே டைப் அடிக்க வைத்தார்கள். பழைய கையெழுத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் உன் கையெழுத்தைப் போடு, இல்லையென்றால் நாளையிலிருந்து வராதே என்றார்கள். அவள் போட்டாள். வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான். அன்று சாயங்காலமே இரண்டு முழங்கையும் தோலுரிந்து, நெற்றி வீங்கி, ஷேர் ஆட்டோவில் வந்து குழியின் விளிம்பில் நின்றாள்.

“இன்னாங்க, வுயுந்துகினே கீறீங்க? நான் இன்னா பண்ணேன் உங்கள?” என்றாள். அப்போது பாதிச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தவன் போர்டிலிருந்து குதித்து, விழுந்துவிடாமல் இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினான். எல்லோரும் போர்டைக் கவிழ்த்துப் போட்டார்கள். பத்தொன்பது நாள் குழியில் சக்கரச் சத்தமே இல்லை. ஆடு படுத்திருந்தது. கம்பெனி மாடியில் ஏசி அறையில் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்ரீதர் தெம்பாக நடமாடினார். அந்தக் கோபம் எனக்கு இப்போதும் ஆறவில்லை.

இருபதாம் நாள் செல்வி படப்பைக்கு பஸ் ஏறிப்போய் சசிகலாவின் வீட்டுக் கதவைத் தட்டினாள். முழங்கை ஆறிவிட்டதா என்று கேட்டாள். டீ கொடுத்தார்கள், குடித்தாள். பிறகு மூன்று விரல் கையை மடியில் வைத்துக்கொண்டு, “அக்கா, அந்த நோட்டுல இப்ப ஒங்க கையெழுத்துதான செல்லும்?” என்று கேட்டாள்.

சசிகலா டீ டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள். “எழுதிட்டன்னு வெச்சிக்க, நாளிக்கே என்ன வெளிய தள்ளிடுவான்.”

“தள்ளுவாக” என்றாள் செல்வி. பொய்யாக ஒரு ஆறுதலும் சொல்லவில்லை.

மறுநாள் காலை சசிகலா மேஜையைத் திறந்து, ஸ்கேல் வைத்து, ஸ்கேட் பார்க் என்பதை நேராக ஒரு கோட்டால் அடித்தாள். இடம்: பிரஸ் ஷாப், நான்காம் நம்பர் பிரஸ், இடது பொத்தான் கட்டப்பட்டிருந்தது. பொறுப்பாளர்: கட்டச் சொன்ன ஸ்ரீதர். கீழே தன் கையெழுத்து, அதன் மேல் சீல். படம் பிடித்து, கேள்வி கேட்க வேண்டிய அரசாங்க ஆபீஸ்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டு, டப்பாவைத் திறந்து இட்லி சாப்பிட்டாள். அழித்து எழுதலாம் என்று மாடியில் குதித்தார்கள். வேறு கையெழுத்து செல்லாது என்று அவர்களே போட்ட உத்தரவு குறுக்கே நின்றது.

அன்று சாயங்காலம் முதலில் இறங்கியது இசக்கிசெல்வி. ஏறி, திரும்பி, வேண்டுமென்று இல்லாமல் நிஜமாகவே வழுக்கி விழுந்தாள். முழங்கையில் ரத்தம். அவளுடைய ரத்தம், அவளுடைய முழங்கை. விழுந்தவளுக்குப் போர்டு தட்டுகிற வழக்கம் அங்கே கிடையாது. அன்று தட்டினார்கள், பக்கத்துக் கம்பெனி செக்யூரிட்டி எழுந்து வந்து பார்க்கிற அளவுக்கு. அந்த வாரத்தில் விளிம்பில் ஒன்பது புதுப் பெயர் ஏறியது.

அடுத்த திங்கட்கிழமை பிரஸ் ஷாப்பில் பெருமாள்சாமி அச்சு மாற்றும்போது சுத்தியலால் தன் கட்டைவிரலையே ஓங்கி அடித்துக்கொண்டான். கையை உதறப் போனவன் நின்றான். வலி இல்லை, நகத்தில் கறுப்பு இல்லை. மாடியில் ஸ்ரீதர் அலறிய சத்தம் இருபத்திரண்டு பிரஸ்ஸையும் தாண்டிக் கேட்டது. அவர் புத்திசாலி, இனி பிரஸ் ஷாப்பில் யாருக்கு அடிபட்டாலும் தனக்குத்தான் என்று ஒரு தடவையிலேயே புரிந்துகொண்டார். கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, ஒவ்வொரு மெஷின் முன்னாலும் முட்டி போட்டு, தன் கையாலேயே இருபத்திரண்டு பிளாஸ்டிக் டையையும் வெட்டினார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஷிஃப்ட் தொடங்கும்போதும் அவரே வந்து இரண்டிரண்டு பொத்தானையும் அமுக்கிப் பார்க்கிறார், விளக்கு மங்கினால் மாற்றுகிறார், தரையில் எண்ணெய் சிந்தினால் தானே குனிந்து துடைக்கிறார். தலைமை ஆபீசிலிருந்து வந்தவர்கள் இந்த ஒழுங்கைப் பாராட்டிக் கேடயம் கொடுத்தார்கள். சசிகலாவை வெளியே தள்ள முடியவில்லை. அந்தப் பதிவேட்டைக் கையால் தொட வேறு யாரும் சம்மதிக்கவில்லை. செல்வி நான்காம் நம்பருக்கே திரும்பி வந்தாள். விரல் திரும்பவில்லை. கதைக்குள்கூட அதை என்னால் திருப்பித் தர முடியவில்லை, தங்கங்களே. மற்றதெல்லாம் நடந்த ஊரில் அது மட்டும் நடக்கவில்லை. இப்போது ஒரகடத்தில் வேலைக்குச் சேருகிறவர்கள் சம்பளம், பஸ், கேன்டீன் கேட்டுவிட்டு, பொறுப்பாளர் கட்டத்தில் யார் பெயர் இருக்கிறது என்றும் கேட்கிறார்கள். கம்பெனிக்காரர்கள் சொல்கிறார்கள், இவர்கள் சேருகிறார்கள்.

சரி, எழுந்திருங்கள், ஷிஃப்டுக்கு நேரமாகிறது. உங்கள் வீட்டில் சோறு பிசைகிற கைக்கெல்லாம் ஐந்து விரலும் நிலைத்திருக்கட்டும். வேலைக்குப் போன பிள்ளை போன மாதிரியே வீடு வந்து சேரட்டும். விளையாடி விழுந்த பிள்ளையின் சிராய்ப்பு மூன்றே நாளில் ஆறட்டும். உங்கள் வாசலுக்கு வருகிற தாளில் நடந்தது நடந்தபடியே எழுதியிருக்கட்டும்.