பாதி கழற்றிய மெஷின்

என் அப்பாவின் கடைக்குப் பெயர்ப் பலகை உண்டு. ஆனால் வழி கேட்டு வருகிறவர்கள் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. "இங்க 'நாளைக்கு' கடை எது?" என்றுதான் கேட்பார்கள். தெருமுனைச் செருப்புக் கடைக்காரரும் சிரிக்காமல் எங்கள் வீட்டுப் பக்கம் கையை நீட்டுவார்.

அப்பா தையல் மெஷின் பழுது பார்க்கிறவர். வீட்டின் முன்னறைதான் கடை. அவரை வேலை தெரியாதவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஓடுகிற சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். ஒரு மெஷினைக் கையில் எடுத்துவிட்டால் சாப்பாடு, தண்ணீர், ஏன், தனக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்பதே அவருக்கு மறந்துபோகும். பிரச்சினை கையில் எடுப்பதுதான். காலையில் மேசையைத் துடைப்பார். ஸ்குரூ டிரைவர்களை உயரவாரியாக அடுக்குவார். டீ குடிப்பார். டம்ளரைக் கழுவப் போகிற வழியில் ஜன்னல் கொக்கி ஆடுவதைக் கவனிப்பார். அதைச் சரிசெய்ய மாட்டார், கவனிப்பதோடு சரி. அதற்குள் வெயில் ஏறிவிடும். "இப்ப தொடங்கினா நடுவுல சாப்பிடக் கூப்பிடுவீங்க. நாளைக்குக் காலையில ஒரே மூச்சா முடிச்சிடறேன்" என்பார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தால் நமக்கே நம்பிக்கை வந்துவிடும்.

திருந்த அவர் முயலவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அலாரக் கடிகாரம் வாங்கினார். அணைத்துவிட்டுத் தூங்காமல் இருக்க அதை பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். அடுத்த நாள் காலை சாவியைத் தேடுவதில் போயிற்று. நேரத்தை வீணாக்காமல் இருப்பது எப்படி என்று போனில் வீடியோ பார்க்கத் தொடங்கினார். ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக ஓடும். மத்தியானம் வரைக்கும் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா சொல்றாங்கம்மா" என்று என்னிடம் நெகிழ்ந்துபோய்ச் சொன்னார்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே கடந்துவிடலாம். கடை மூலையில் போர்வை மூடிக் கிடந்த ஒரு மெஷினைத்தான் கடக்க முடியவில்லை. அது பெரியம்மாவுடையது.

பெரியம்மா, அம்மாவின் ஒரே அக்கா. ஹோட்டல்களுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். தடித்த துணியையும் வெண்ணெய் மாதிரி தைக்கிற கனமான மெஷின் அது. ஒருநாள் நின்றுபோனது. தங்கை வீட்டுக்காரர் இருக்க வேறு யாரிடம் போவாள்? கொண்டுவந்து இறக்கினாள். "நாளைக்கு முடிச்சிடலாம்" என்றார் அப்பா. நாளைக்கு வந்தது, போனது, திரும்பத் திரும்ப வந்து போனது. பெரியம்மா ஒரு பெரிய ஆர்டரைக் கைவிட்டாள். கடைசியில் நேரே கடைக்கு வந்து, வாடிக்கையாளர்கள் முன்னாலேயே, "இங்க குடுத்ததுக்குக் குப்பையில போட்டிருக்கலாம். போச்சேன்னு மனசையாவது தேத்தியிருப்பேன்" என்றாள்.

அது அப்பாவுக்கு வேண்டியதுதான். அப்பாவும் தலையைக் குனிந்துகொண்டார். அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. தினமும் நான்கு தரம் தான் சொல்லும் அதே விஷயத்தை இன்னொருத்தி சொன்னதும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "தங்கச்சி வீட்டைவிட உனக்கு மெஷின்தான் பெருசுன்னா, இனிமே இந்த வாசப்படியை மிதிக்காதே" என்றாள். பெரியம்மா குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தினமும் சாயங்காலம் இருவரும் போனில் ஒன்றுமே இல்லாததைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். அது நின்றது. சாயங்காலங்களில் அம்மா போனைப் பார்ப்பாள், மூலையில் இருக்கும் போர்வையைப் பார்ப்பாள். "மெஷின் ரெடியாகட்டும். ரெடியாச்சுன்னு சொல்லிப் பேசிக்கறேன். வெறுங்கையோட எப்படிப் பேசறது?" என்பாள். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

இந்த நிலையில்தான் அடுத்த தெரு டெய்லர் ஒருநாள் வந்து கத்தினார். விடுமுறை நாள். அப்பா உள்ளே பேப்பரோடு இருந்தார். அம்மா மழலையர் பள்ளி டீச்சர். கத்துகிறவர்களை அடக்கத் தெரிந்தவள். டெய்லரைச் சமாதானப்படுத்தி அனுப்பினாள். ஆனால் உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தாள். "இவரை நம்பிப் பிரயோஜனமில்ல. நானே பாத்துக்கறேன்" என்று ஸ்குரூ டிரைவரை எடுத்து டெய்லரின் மெஷினைக் கழற்றத் தொடங்கிவிட்டாள். அவளுக்கு அதில் அ, ஆ கூடத் தெரியாது. பக்கத் தகட்டைக் கழற்றினாள், ஒரு ஸ்பிரிங் துள்ளி என் காலடியில் விழுந்தது.

அப்பா பேப்பருக்கு மேலே எட்டிப் பார்த்தார். "அந்த ஸ்குரூவை அங்க வைக்காதே, உருண்டுடும்."

"உருளட்டும்."

"அடுத்ததைத் தொடாதே. அதைக் கழட்டினா உள்ள இருக்கறது சாஞ்சிடும்."

அம்மா அடுத்ததையும் கழற்றினாள். அப்பா பேப்பரைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார். "தள்ளு, தள்ளு" என்று அவளை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டபோது காதில் விழவில்லை. மத்தியானம் டெய்லரின் மெஷின் புதுப்பெண் மாதிரி நின்றது.

அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். இத்தனை வருடமாக எங்களுக்குத் தெரியாமல் போன ஒன்று அன்று தெரிந்தது. இந்த மனிதரால் ஒரு வேலையைத் தொடங்க முடியாது. ஆனால் பாதியில் நிற்கிற வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியாது.

அதன்பிறகு அம்மா பள்ளிக்குக் கிளம்பும் முன் தினமும் ஒரு மெஷினின் இரண்டு ஸ்குரூக்களைக் கழற்றி மேசை மேல் போட்டுவிட்டுப் போனாள். அப்பா டீயோடு வந்து, "இது யாரு இப்படி..." என்று முணுமுணுத்து உட்காருவார். அவ்வளவுதான். கடையில் மெஷின்கள் குறைந்தன. செருப்புக் கடைக்காரர் என்னை நிறுத்தி, "உங்கப்பாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கவலையோடு விசாரித்தார்.

பெரியம்மாவின் மெஷினை மட்டும் அம்மா தொடவில்லை. "அதைக் கெடுத்து வச்சேன்னு அவளுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்" என்றாள்.

ஜெயித்துக்கொண்டிருக்கும்போது நிறுத்திக்கொள்வது எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமில்லை. சமையலறைக் குழாய் வெகுநாளாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் அதே வைத்தியம் செய்யலாம் என்று அம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது. ஒரு காலை, இடுக்கியால் குழாயைக் கொஞ்சம் திருகித் தளர்த்திவிட்டுப் பள்ளிக்குப் போய்விட்டாள். அன்றைக்கென்று பார்த்து அப்பா ஊசி வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருந்தேன். அப்பாவிடமிருந்து போன் வந்தது. "செருப்பு மிதக்குதும்மா" என்றார், ரொம்ப நிதானமாக.

சாயங்காலம் நாங்கள் வந்தபோது வீடு துடைத்துக் கிடந்தது, குழாய் சொட்டவில்லை. மேசை நடுவில் இடுக்கி இருந்தது.

"எத்தனை நாளா நடக்குது இது?" என்று கேட்டார் அப்பா.

அம்மா இடுக்கியைப் பார்த்தாள். "நல்லாத்தானே போயிட்டிருந்தது."

"நான் என்ன உன் வகுப்புப் பிள்ளையா? நீ சாவி குடுத்தா ஓடறதுக்கு பொம்மையா?" அப்பாவின் குரல் ஏறவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை நான் எழுந்தபோது கடையில் வெளிச்சம். அப்பா ஒரு மெஷினைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். யாரும் அதைக் கழற்றி வைக்கவில்லை. சாயங்காலம் இன்னும் ஒரே ஒரு ஸ்குரூ போட்டால் முடிந்தது என்கிற இடத்தில், டக்கென்று கையை எடுத்து ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"ஏம்ப்பா? முடிச்சிடலாமே."

"முடிச்சிட்டா நாளைக்குப் புதுசா தொடங்கணும். அது நமக்கு வராது. இது கிடக்கட்டும். காலையில கை தானா வரும். வந்து உட்கார்ந்துட்டா அடுத்ததும் ஓடிடும்."

சொல்லிவிட்டாரே தவிர, பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். கையைக் கழுவினார். திரும்ப வந்து எட்டிப் பார்த்தார். போனார். மறுபடி கையைக் கழுவினார். சோறு பிசையும்போது விரல்கள் ஸ்குரூ முடுக்குகிற மாதிரி தானாகத் திரும்பின. அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு குழம்பை ஊற்றினாள். அந்த ஒரு ஸ்குரூவை விட்டு வைக்க அவர் பட்ட அவஸ்தையைப் பார்த்தபோது எனக்கு என் அப்பாவை நினைத்துப் பெருமையாக இருந்தது. அவருடைய குறையை அவரே கண்டுபிடித்து, அதன் காதைப் பிடித்து வேலை வாங்கிக்கொண்டிருந்தார்.

தினமும் கை வந்துவிடவில்லை. சில காலைகளில் ஜன்னல் கொக்கி ஜெயித்தது. ஆனாலும் ஒருநாள் கடையில் போர்வை மூடிய மெஷின் மட்டும் மிஞ்சியது. அப்பா அதன் முன்னால் நின்றுகொண்டே இருந்தார். பிறகு என்னிடம், "இதுக்குப் பயந்துதான் மத்ததையும் தொடாம இருந்தேன் போல. ஒவ்வொரு நாளும் இது கொஞ்சம் பெருசாயிட்டே போச்சு" என்றார். போர்வையை உருவினார். அது எப்போதும் இருந்த அளவில்தான் இருந்தது.

உள்ளே ஒரு பல்சக்கரம் உடைந்திருந்தது. தேடி வாங்கிப் பொருத்தி, எண்ணெய் விட்டு, கனத்த துணியை நாலாக மடித்து ஓட்டிக் காட்டினார். தையல் கோடு போட்ட மாதிரி விழுந்தது. "பெரியம்மாவுக்குச் சொல்லிடும்மா" என்றேன்.

"சொல்றேன். பெல்ட் பழசா இருக்கே, அதையும் மாத்திடுங்களேன்" என்றாள் அம்மா.

அப்பா பெல்ட்டை மாற்றினார். அடுத்த நாள் மேலே ஒரு உறை தைத்துப் போட்டுவிடலாம் என்றாள். அதற்கடுத்த நாள் மழையாக இருந்தது. "மழையில எப்படிக் கொண்டு போவா?" மழை விட்டதும், "இந்நேரம் அவ குளிச்சிட்டு இருப்பா" என்றாள்.

எனக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். நாள் முழுக்க போனில் அதைத்தான் கேட்கிறேன். 'வலி இப்ப பரவாயில்லைங்க, அடுத்த வாரம் வரேன்' என்பார்களே, அதே குரல். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே வந்தார். மேசை மேல் இருந்த அம்மாவின் போனை எடுத்தார். எதையோ அழுத்தினார். காதில் வைத்தார்.

"அண்ணி, நான்தான். நல்லா இருக்கீங்களா? ...ஆமாங்க. உங்க தங்கச்சி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

போனை அம்மாவுக்கு முன்னால் மேசை மேல் வைத்தார். அம்மா அதைத் தேளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். போனுக்குள்ளிருந்து பெரியம்மாவின் குரல் சின்னதாக, "ஹலோ... ஹலோ..." என்றது.

"இப்படிப் பாதியில விட்டுட்டுப் போறீங்களே" என்றாள் அம்மா, கிசுகிசுப்பாக.

"ஆமா. மிச்சத்தை நீ முடி."

அம்மா போனை எடுத்தாள். "அக்கா" என்றாள். பிறகு அம்மா ஒரே மூச்சில் கொட்டினாள். "வாசப்படியை மிதிக்காதேன்னு சொல்லிட்டேன்ல, அன்னைக்கு நீ தெருவைத் தாண்டறதுக்குள்ளயே ஓடி வந்து கூப்பிட்டிருக்கணும். கூப்பிடல. மெஷின் ரெடியாகட்டும்னு இருந்தேன். அது எப்பவோ ரெடியாயிடுச்சு. நான்தான் ரெடியாகல. தப்பு என்னுதுதான்க்கா." கண்ணீர் தாடை வரைக்கும் வந்துவிட்டது, அவள் துடைக்கவில்லை.

பெரியம்மா என்னவோ சொன்னாள். அம்மா அழுகையோடு சிரித்தாள். பெரியம்மாவும் அழுகிறாள் என்று எங்களுக்கே கேட்டது. பிறகு பெரியம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, அழாதே. நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்" என்றாள்.

"நாளைக்கெல்லாம் வேண்டாம்" என்றாள் அம்மா. "இப்பவே வா."

அப்பா எழுந்து போய், இறக்கிய ஷட்டரை மறுபடி தூக்கினார்.