ஊசி பட்ட கறுப்புப் பட்டை

தைத்து முடித்து நூலை நறுக்கியபோதுதான் தையல்காரனுக்குச் சந்தேகம் தட்டியது. கையுறையின் ஆள்காட்டி விரல் மேல் ஓட வேண்டிய பட்டையைத் தடவிப் பார்த்தான். தையல் அதன் ஓரத்தில் போகவில்லை. நட்டநடுவே வளைந்து வளைந்து ஓடியிருந்தது.

பட்டை மேல் ஊசி படவே கூடாது என்று மூன்று முறை சொல்லிவிட்டுத்தான் மனைவி காலையில் ஆய்வுக்கூடம் கிளம்பினாள். பட்டையும் கறுப்பு, துணியும் கறுப்பு. தன் அக்காவின் கைக்கு எடுப்பாக இருக்கும் என்று அந்தத் துணிக்குப் பிடிவாதம் பிடித்தவன் அவனேதான்.

இருந்தது அந்த ஒரே பட்டை. தலைமுடியைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லிய கார்பன் குழாய்களை ரப்பர் போன்ற பாலிமர் கூழில் கலந்து, வார்த்து, சரிவராததையெல்லாம் தூக்கிப் போட்டு, ஐந்து வாரம் மல்லுக்கட்டி அவள் செய்தது. இரு மடங்கு நீளத்துக்கு இழுத்தாலும் அதில் மின்சாரம் ஓடும். இழுபட இழுபட ஓட்டம் கொஞ்சம் தளரும். அந்தத் தளர்ச்சியை வைத்தே, கண்ணுக்குத் தெரியாத அசைவையும் கணினித் திரையில் கோடாகக் காட்டிவிடலாம்.

அக்காவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இன்றும் அசைவு தெரியாவிட்டால் வலது கைப் பயிற்சியை நிறுத்திவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாலு மணிக்கு வருகிறார். விரல் உள்ளுக்குள் அசைகிறது என்று அக்கா தலைபாடாக அடித்துக்கொண்டபோது அவன்கூட ஒப்புக்குத்தான் தலையாட்டினான். நம்பியவள் மனைவி ஒருத்திதான்.

மூன்று மணிக்கு வந்தவளிடம் கையுறையை நீட்டி, நடந்ததைச் சொன்னான். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பட்டையின் இரு முனையிலும் மீட்டரை வைத்தாள். முள் தயங்கி, பழைய இடத்துக்குச் சற்றுத் தள்ளி நின்றது. இழுத்தாள். நகர்ந்தது. விட்டாள். திரும்பி வந்தது.

“நாப்பது ஓட்டை போட்டிருக்கீங்க. அப்படியும் ஓடுது” என்றாள் மெதுவாக.

“எப்படிம்மா?”

“செப்புக் கம்பின்னா ஒரே வழி, அறுந்தா போச்சு. இதுல குழாயெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு சிக்கிக் கிடக்கு. ஒரு சந்து அடைபட்டா மின்சாரம் பக்கத்துச் சந்துல புகுந்து போயிடும்.”

“அப்புறம் எதுக்கு ஊசி படக் கூடாதுன்னே?”

“எனக்கும் தெரியாதுங்க. பயந்துதான் சொன்னேன்.”

அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். நூலும் ஊசியும் அவனுக்கு அத்துப்படி. ஆனால் கண்ணுக்கே தெரியாத நூலை வைத்து வலை பின்னுகிறவளோடு இத்தனை வருடம் ஒரே வீட்டில் குடும்பம் நடத்தியிருக்கிறான்.

டாக்டர் வந்தார். அக்காவுக்குக் கையுறையை மாட்டிவிட்டார்கள். விரலை மடக்கச் சொன்னார். திரையில் கோடு படுத்தே கிடந்தது. இரண்டாவது முறையும் அப்படியே. தையலால்தான் கெட்டது என்று அவன் தன்னையே நொந்துகொண்டான். மனைவி அக்காவின் பக்கத்தில் குனிந்து, “அவசரமே இல்ல அண்ணி” என்றாள்.

அக்கா கண்ணை மூடினாள். கோடு லேசாக மேடிட்டு இறங்கியது. விரல் அசைந்ததாக யார் கண்ணுக்கும் படவில்லை.

டாக்டர் லேசில் நம்பவில்லை. தான் சொல்லும்போது மட்டும் மடக்கச் சொல்லி ஆறு முறை சோதித்தார். அவர் சொன்னபோதெல்லாம் கோடு எழுந்தது. சும்மா இருந்தபோது படுத்துக் கிடந்தது. பிறகு சீட்டை எடுத்து, வலது கைப் பயிற்சி இன்னும் மூன்று மாதம் என்று எழுதினார்.

அவர் போன பிறகும் அக்கா கையுறையைக் கழற்ற விடவில்லை. கொஞ்சம் ஓய்வெடு என்று தம்பி கெஞ்சினான்.

“நீ போய் உன் வேலையப் பாருடா” என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “எனக்கு இங்க தலைக்கு மேல வேலை இருக்கு.”

கோடு இன்னொரு முறை எழுந்தது.