கடைசி மெஷினுக்கு வந்த ரசிகர்கள்

சலவைக்கடையின் ஷட்டரைப் பாதி தூக்கும்போதே வெளியே கால்கள் தெரிந்தன. சித்தி குனிந்து பார்த்தாள். சனிக்கிழமை காலையில் அந்தக் கடை வாசலில் இத்தனை கால்கள் நின்றதே கிடையாது. பக்கத்து ரொட்டிக்கடைக்கு வந்தவர்கள் இடம் மாறி நிற்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டு மீதி ஷட்டரையும் தூக்கினாள். தூக்கியதுதான் தாமதம், வந்தவர்கள் முண்டியடித்து உள்ளே நுழைந்தார்கள். வரிசையாக வாயைத் திறந்துகொண்டு நின்ற நல்ல மெஷின்களை ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நேரே கோடிக்குப் போய்க் கடைசி மெஷின் முன்னால் நின்றுகொண்டார்கள்.

அந்தக் கடைசி மெஷின் ஒரு தலைவலி பிடித்த மெஷின். துவைக்கிற வரைக்கும் சாதுவாக இருக்கும். பிழிய ஆரம்பித்ததும் தடதடவென்று ஆடும், நடுவில் நீளமாக ஒரு முனகல் விடும், மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் தடதட. விவரம் தெரிந்த வாடிக்கையாளர் யாரும் அதன் பக்கம் போகமாட்டார்கள். அதைப் பழுது பார்க்க வேண்டும் என்று சித்தப்பா தினமும் சொல்லிக்கொண்டிருந்தார், சொன்னதோடு சரி.

"ஏங்க, அது ரொம்பச் சத்தம் போடுங்க. இந்தப் பக்கமெல்லாம் காலியாத்தானே இருக்கு" என்றாள் சித்தி.

முன்னால் நின்றவர் ஒரு தபால்காரர். சீருடையில் இருந்தார், தோளில் பை தொங்கியது, காதோரம் நரை விழ ஆரம்பித்திருந்தது. "சத்தந்தாங்க வேணும்" என்றார் பணிவாக.

பைக்குள் கைவிட்டு ஒரே ஒரு கைக்குட்டையை எடுத்தார். துவைத்து, இஸ்திரி போட்டு, நான்காக மடித்த கைக்குட்டை. அதை மெஷினுக்குள் போட்டுக் கதவைச் சாத்தினார். மற்றவர்கள் சுற்றி நின்றார்கள். பிழிகிற கட்டம் வந்ததும் மெஷின் ஆட ஆரம்பித்தது, முனகியது. அவ்வளவுதான், நர்ஸ் உடையில் இருந்த ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் நின்ற இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். தபால்காரர் கண்ணை மூடித் தலையாட்டினார்.

சித்திக்கு லேசாகப் பயம் வந்துவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று துடைப்பத்தைக் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துக்கொண்டாள்.

மெஷின் ஓய்ந்ததும் நர்ஸ்தான் விஷயத்தைச் சொன்னாள். "நேத்து ஆல்பம் வந்துச்சுங்க. 'நாளைக்கு மழை'யோட முதல் ஆல்பம். நம்ம ஊர் பேண்டு. ஆல்பத்துக்குக் 'காயாத துணிகள்'னு பேரு. கடைசிப் பாட்டு இந்த மெஷின் சத்தத்துலதான் ஆரம்பிக்குது. எந்தக் கடைன்னு ராத்திரியெல்லாம் தேடிக் கண்டுபிடிச்சோம்."

சித்தியின் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டாள். சித்தி கேட்டாள். சந்தேகமே இல்லை, அது அவள் மெஷின்தான். அந்தத் தடதடப்புக்குள்ளிருந்து ஒரு கிட்டார் மெல்ல எழுந்து வந்தது. அப்புறம் ஒரு பெண் குரல் வந்தது. முதலில் பேசுவதுபோல இருந்தது. பிறகு தொண்டை கிழிகிற கத்தல்.

சித்தி ஹெட்போனைக் கழற்றி அதையே உற்றுப் பார்த்தாள். "இது எங்க பூனையாச்சே."

பூனை அவளுடைய அக்கா மகள். வீட்டுக்குள் எப்போது வந்தாள், எப்போது போனாள் என்று யாருக்கும் தெரியாது. அதனால் வந்த பெயர். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. "இது தெளிவா தெரியுதா, அது தெளிவா தெரியுதா" என்று வாடிக்கையாளரிடம் கேட்பதைத் தவிர அவள் வேறு பேசிச் சித்தி கேட்டதில்லை. குடியிருப்பில் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருகிறார்கள் என்று சொல்லி, சோப்புத்தூள் மூட்டைகள் கிடக்கிற பின்னறையை மத்தியான வேளைகளில் கேட்டிருந்தாள். கூடவே ஒரு கிட்டார்காரனும், டிரம்ஸ் வாசிக்கிற ஒரு ரொட்டிக்கடைப் பெண்ணும் வருவார்கள். சித்தியும் சாவியைக் கொடுத்துவிட்டு, அந்த நேரத்தில் வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் படுப்பாள். உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்ததில்லை.

"அப்ப நீங்கதான் சித்தியா?" என்றார் தபால்காரர். "ஆல்பத்துல நன்றி சொல்ற இடத்துல 'சாவி கொடுத்த சித்திக்கு'ன்னு இருக்குங்க."

அன்றிலிருந்து அவள் ஊருக்கே சித்தியாகிவிட்டாள்.

மத்தியானத்துக்குள் வரிசை வாசலைத் தாண்டியது. ஒற்றைக் காலுறையோடு வந்தார்கள், கைக்குட்டையோடு வந்தார்கள், ஒருவர் தலையணை உறையைக் கொண்டுவந்தார். மெஷின் ஓய்கிற இடைவெளியில் மடிப்பு மேசையைச் சுற்றி நின்று முழு ஆல்பத்தையும் ஒலிபெருக்கியில் போட்டார்கள். சித்தி கால் வலிக்க நின்றபடியே கேட்டாள். எல்லாம் அழுகைப் பாட்டு. கேட்கிறவர்கள் முகத்திலோ கல்யாண வீட்டுக் களை.

"இப்படி அழுகாச்சியா இருக்கே, உங்களுக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம்?" என்று கேட்டாள்.

"இது எமோ, சித்தி" என்றார் தபால்காரர்.

"ஏமோவா?"

"எமோ. மனசுல இருக்கறதை ஒளிக்காம கத்திச் சொல்றது."

"எங்க வீட்டுல அதுக்குச் சண்டைன்னு பேரு."

தபால்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு சொன்னார்: "நான் நாள் பூரா அடுத்தவங்க செய்தியைத் தூக்கிட்டு அலையறவன் சித்தி. எனக்குன்னு ஒண்ணும் வராது. இந்தப் பாட்டெல்லாம் என் பேருக்கே வந்த மாதிரி இருக்கு."

சித்திக்கு அது நெஞ்சில் போய் உட்கார்ந்தது. எங்கள் பிள்ளை செய்ததா இது என்று பெருமைப்பட்டாள். உடனே அக்காவின் ஞாபகம் வந்தது. அக்காவுக்கு மகளுடைய பாட்டு என்றாலே ஆகாது. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். "நாள் பூரா ஊர்ல இருக்கறவங்க கத்தறதைக் கேட்டுட்டு வர்றேன், வீட்டுக்கு வந்தா இவ கத்தறா" என்பாள். மகள் பாட ஆரம்பித்தால் கதவைச் சாத்திக்கொள்வாள். ஒரு பாட்டையாவது முழுசாகக் கேட்டிருக்கமாட்டாள்.

சித்தி போனை எடுத்தாள். "அக்கா, போர்வையெல்லாம் துவைக்கணும்னு சொன்னியே. இன்னிக்குக் கொண்டு வா. மெஷினெல்லாம் சும்மாத்தான் கிடக்கு."

அதில் பொய் ஒன்றும் இல்லை. கடைசி மெஷினைத் தவிர மற்றவையெல்லாம் சும்மாத்தான் கிடந்தன.

அக்கா இரண்டு மூட்டையோடு வந்து இறங்கினாள். கூட்டத்தைப் பார்த்து, "என்னடி, இலவசமா துவைச்சுக் குடுக்கறியா?" என்றாள். சித்தி மூட்டையை வாங்கிச் சும்மா கிடந்த மெஷினுக்குள் திணித்தாள். வந்தவள் இன்னார் என்று யாரிடமும் சொல்லவில்லை. அக்கா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். ஒலிபெருக்கியில் மகளுடைய குரல் வந்ததும் முகம் சுருங்கியது. எழுந்து போய்விடுவாளோ என்று சித்தி பயந்தாள். போர்வை மெஷினுக்குள் சுற்றிக்கொண்டிருந்ததால் அக்காவால் போக முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து மூன்றாவது பாட்டில் சண்டை வந்தது.

பாட்டின் உச்சத்தில் பூனை ஒரே வரியை நான்கு தடவை கத்துகிறாள். அது என்ன வரி என்பதுதான் தகராறு. "'என்னை விட்டுடு'ன்னு பாடறாங்க. விடுதலை கேக்கற பாட்டு இது" என்றார் தபால்காரர்.

"கிடையவே கிடையாது. 'என்னை விட்டுடாத'. கெஞ்சற பாட்டு. அழுத்தத்துல கடைசி எழுத்து முழுங்கிப் போச்சு" என்றாள் நர்ஸ்.

"எங்கங்க முழுங்கிச்சு? நல்லாக் கேளுங்க."

"நீங்க கேளுங்க."

மறுபடி போட்டார்கள். கடை இரண்டு கட்சியாகப் பிரிந்தது. கல்லூரிப் பிள்ளைகளில் ஒருத்தி அந்தப் பக்கம், ஒருத்தி இந்தப் பக்கம். மறுபடியும் போட்டார்கள். யாரும் இறங்கி வருவதாக இல்லை.

"லைட்டை விட்டுடு" என்றது ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். அக்கா நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தாள்.

"என்னையுமில்ல, ஒண்ணையுமில்ல. 'லைட்டை விட்டுடு.' இதுகூடவா விளங்கல? வாயில பஞ்சை வெச்சுக்கிட்டுப் பேசறவங்க பேச்சே எனக்குப் புரியும்."

நர்ஸ் பாட்டை மறுபடி போட்டாள். இப்போது எல்லோருக்கும் பட்டென்று கேட்டது. லைட்டை விட்டுடு. லைட்டை விட்டுடு. வேறெப்படியும் கேட்க முடியவில்லை.

"உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?" என்று தபால்காரர் கேட்டார்.

அக்கா கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே சொன்னாள். "சின்னப் பிள்ளையில இவ தினமும் இப்படித்தான் கத்துவா. நான் லைட்டை அணைக்கப் போனா போர்வைக்குள்ளேர்ந்து ஒரு சத்தம். 'அம்மா, லைட்டை விட்டுடு.' இதே ராகம். நான் விட்டுட்டு வந்துடுவேன். தூங்கினப்புறம் போய் அணைப்பேன்."

முதலில் நர்ஸுக்குத்தான் உறைத்தது. "நீங்க... அவங்க அம்மாவா?"

அதற்குப் பிறகு நடந்ததைச் சித்தியால் பிற்பாடு கோவையாகச் சொல்ல முடியவில்லை. தபால்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கல்லூரிப் பெண் ஒருத்தி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. காதல் பாட்டு என்று நினைத்தோமே, அம்மா பாட்டல்லவா என்று ஆளாளுக்குப் போனில் கூப்பிட்டுத் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொன்னார்கள். அக்கா நடுவில் திணறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "முதல் பாட்டுலேர்ந்து போடுங்க. நடுவுல யாரும் பேசக்கூடாது" என்றாள்.

போர்வைகள் துவைத்து முடிந்து எவ்வளவோ நேரம் ஆகியும் அவள் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் பூனை வேலை முடிந்து வந்தாள். வாசலில் கூட்டத்தைக் கண்டு தயங்கினாள். உள்ளே அம்மாவைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள். அக்கா போர்வையின் ஒரு முனையை அவளிடம் நீட்டினாள். "பிடி, மடிக்கணும்." இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மடித்தார்கள். மடிப்பு சுருங்கச் சுருங்கக் கிட்டே வந்தார்கள்.

"அந்தப் பாட்டுல நடுவுல மூச்சே விடலையே நீ. மயக்கம் போட்டா யாரு பார்க்கறது?" என்றாள் அக்கா.

"கேட்டியாம்மா?"

"மூணு தடவை."

பூனை போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தில் பாதிப் பேர் மூக்கை உறிஞ்சினார்கள்.

வெளியீட்டு நிகழ்ச்சிக்கு ஒரு மண்டபமும் கிடைக்கவில்லை என்று கிட்டார்காரன் மறுநாள் வந்து புலம்பியபோது, "மண்டபம் எதுக்கு? இங்கேயே பாடட்டும்" என்று சொன்னவள் அக்காதான். சித்தப்பாவை யாரும் கேட்கவில்லை. கேட்காமலேயே அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். இரண்டு நாளாக வரிசையை ஒழுங்கு பண்ணிப் பண்ணி அவருக்கே அதில் ஒரு மிடுக்கு வந்திருந்தது. பழுது பார்க்க வந்த மெக்கானிக்கை, "அதுல கை வெச்சா என்னை உயிரோட விடமாட்டாங்கப்பா" என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தார்.

அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மெஷின்களின் தலைமேலெல்லாம் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூட முடிந்த அளவுக்கு ஷட்டரை மூடியிருந்தார்கள். முதல் இரண்டு பாட்டிலேயே சித்தி வியர்வையில் குளித்துவிட்டாள். மகளை இப்படிப் பார்ப்பது அக்காவுக்குப் புதுசு. கழுத்து நரம்பு புடைக்க, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கூட்டம் முழுவதும் ஒவ்வொரு வார்த்தையையும் கூடவே கத்த. அக்கா இமைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாவது பாட்டில் உணர்ச்சி ஏறுகிற இடத்தில் விளக்கை அணைத்தால் பிரமாதமாக இருக்கும் என்று கிட்டார்காரன் சித்தப்பாவிடம் சொல்லி வைத்திருந்தான். எந்தப் பாட்டு, என்ன வரி என்பதெல்லாம் சித்தப்பாவுக்குத் தெரியாது. அவன் தலையை ஆட்டினான், இவர் சுவிட்சைத் தட்டினார். சரியாக அதே நொடியில், இருட்டில், கடையே அதிரும்படி அத்தனை பேரும் கத்தினார்கள்: "லைட்டை விட்டுடு."

சித்தப்பா அரண்டுபோய் உடனே விளக்கைப் போட்டார். "சரி சரி, விட்டுட்டேன், விட்டுட்டேன்" என்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார்.

முதலில் சிரித்தவள் அக்கா. அப்புறம் டிரம்ஸ்காரி குச்சியைத் தவறவிட்டாள். அதற்குப் பிறகு பூனையால் பாட முடியவில்லை. ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தப் பிள்ளை வாய்விட்டுச் சிரித்துச் சித்தி கேட்டது அதுதான் முதல் தடவை. கரகரவென்று, பாட்டைவிடப் பெரிய சத்தமாக இருந்தது. தபால்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முதல்லேர்ந்து, முதல்லேர்ந்து" என்று கேட்டார். முதலிலிருந்து பாடினார்கள். இந்தத் தடவை சுவிட்சின் பக்கமே போகாமல் சித்தப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தபோது வெளியே நல்ல வெயில் பாக்கி இருந்தது. தாயும் மகளும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். ஒலிவாங்கிப் பெட்டியை அக்கா தூக்கிக்கொண்டாள். மகள் கேட்டும் தர மறுத்துவிட்டாள். சித்தி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா, அந்த அஞ்சாவது பாட்டு யாரைப் பத்தி?" என்று அக்கா கேட்பது காதில் விழுந்தது.

"அது... சும்மா, ஒருத்தரைப் பத்தி."

"ஒருத்தர்னா எந்த ஒருத்தர்?"

பூனை நடையை எட்டிப் போட்டாள். அக்காவும் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு விடாமல் பின்னாலேயே போனாள்.